அம்மாயி பாடுவதும் ப்ளூஸ்தான்

ப்ளூஸ் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வானத்திலிருந்து வந்தது. அழகுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வானத்திலிருந்துதான். கொழும்பில் ஒரு எலெக்ட்ரோனிக் கடையில் வேலை பார்த்த மாமா 2006 தீபாவளிக்கு லீவில் வந்தார். அத்தைக்குச் சீலை வரும் என்று வீடே பார்த்துக்கொண்டிருக்க, பேக்கைத் திறந்து ஒரு ரேடியோவை எடுத்து வைத்தார். வேர்ல்ட்ஸ்பேஸ் செட். கூடவே தட்டையாக ஒரு சின்ன அன்டெனா. அத்தை அன்றைக்கு முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அது தனிக்கதை.

இதை எழுதுவது அக்கா, தம்பி இரண்டு பேர். ஊர் பட்டிப்பொல. இலங்கையிலேயே உயரமான ரயில்வே ஸ்டேசன் இருக்கிற இடம், கடல்மட்டத்திலிருந்து 6,226 அடி. டூரிஸ்ட்காரர்கள் இறங்கி ஸ்டேசன் பெயர்ப்பலகையோடு செல்பி எடுப்பார்கள், அப்படியே ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்விடுவார்கள். மற்றபடி பனி, லீக்ஸ், கரட், கிழங்கு, அம்பேவெல பக்கம் போனால் மாட்டுப்பண்ணை. தாத்தா ரயில் பாதையில் வேலை செய்தவர். அதனால்தான் எங்கள் குடும்பம் லயத்தை விட்டு இந்த உச்சிக்கு ஏறியது. அம்மாயி தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் போகவேண்டிய வயசில் கொழுந்துக்கூடை மாட்டியது. (அம்மாயியை 'அது' என்று எழுதுவது மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் பக்கம் பாசத்துக்கு அப்படித்தான் சொல்வோம்.)

எங்கள் ஊரில் ரேடியோ கேட்பது லேசான காரியம் இல்லை. எஃப்எம் அலை நேர்கோட்டில் போகிற சாமான். நடுவில் ஒரு மலை நின்றால் அவ்வளவுதான். ஒரு ஸ்டேசன் குசினி ஜன்னலில் மட்டும் எடுக்கும், இன்னொன்று கக்கூஸ் போற வழியில் மட்டும் எடுக்கும். அதுக்கு முன்னே சிற்றலைக் காலத்தில் தூரம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. தாத்தா திருச்சி வானொலியைக் கேட்பாராம். அதே நேரம் தமிழ்நாடு முழுக்க இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று பெயர் சொன்னால் இன்றைக்கும் அங்கே அறுபது வயசுக்காரர்கள் முகம் மலருவார்கள். அங்கே உள்ளவங்க இங்கே காது வைக்க, இங்கே உள்ளவங்க அங்கே காது வைக்க. நல்ல கூத்து.

வேர்ல்ட்ஸ்பேஸுக்கு மலை ஒரு தடையே இல்லை. 2000ஆம் ஆண்டு ஏவிய ஆசியாஸ்டார் என்ற செய்மதியிலிருந்து நேராக வீட்டுக்குப் பாட்டு வந்து இறங்கும். செய்மதி நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே, எங்களுக்குக் கிழக்கே. மாமா அன்டெனாவைக் கிழக்கு ஜன்னலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சிக்னல் வந்ததும் அரிசிப் பானையை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். வெளியே மூடுபனியில் பக்கத்து வீடு தெரியாது. பாட்டு மட்டும் ஒரு கரகரப்பும் இல்லாமல் வரும். கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு அலைவரிசை, இந்துஸ்தானிக்கு ஒன்று, தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு ஒன்று, ஜாஸுக்கு ஒன்று. அந்த ஜாஸ் அலைவரிசையில் ஒருநாள், கிட்டாரை அழவைத்துக்கொண்டு ஒரு ஆள் பாடினான். இங்கிலீஷ்தான், ஆனால் எங்களுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. முறுக்கு மா பிசைந்துகொண்டிருந்த அம்மாயி தலையைத் தூக்கிக் கேட்டுது:

"இந்த ஆளுக்கு என்ன, அரைப்பேர் போட்டுட்டாங்களாமா?"

தோட்டத்தைத் தெரியாதவர்களுக்கு: ஒரு நாள் வேலையைச் செக்ரோலில் எழுதுவது பேர் போடுவது. சொன்ன அளவு கொழுந்து வரவில்லை, பிரட்டுக்குப் பிந்தி வந்தாய் என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் பாதிக் கூலி எழுதினால் அது அரைப்பேர். நாள் முழுக்க மழையில் நின்று, பின்னேரம் அரைப்பேர் என்று தெரியவரும்போது ஒரு மனுசிக்கு நெஞ்சில் வருமே, அது அந்தக் குரலில் இருக்கிறது என்று அம்மாயி சொன்னது. நாங்கள் சிரித்தோம். நாங்கள் சின்னப் பிள்ளைகள்.

கம்பஸ் போன பிறகுதான் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். அமெரிக்காவில் மிசிசிப்பி டெல்டா. பருத்தித் தோட்டங்கள். சார்லி பாட்டன் இருந்தது டொக்கரி என்ற பருத்தித் தோட்டத்தில். ப்ளூஸ் பிறந்த இடமே அதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அடிமைமுறை சட்டப்படி முடிந்த பிறகும் கறுப்பினக் குடும்பங்கள் தோட்டக்காரனிடமே விதையும் மாவும் கடனுக்கு வாங்கி, அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் இன்னும் கடன்காரராகவே நின்றார்கள். எங்கள் கங்காணிக் கணக்கும் இப்படித்தான் ஓடியது. தமிழ்நாட்டில் கிளம்பும்போதே வழிச்செலவுக் கடன், வந்த பிறகு அரிசிக் கடன், கம்பளிக் கடன். ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்கு மாறுவதென்றால் கடன் தொகை எழுதிய 'துண்டு' கையில் இருக்கவேண்டும். மனுசனுக்கு விலை எழுதிய காகிதம். அம்மாயி ஒரு சொல்கூட விளங்காமல் ஒரே கேள்வியில் கண்டுபிடித்ததை நாங்கள் லைப்ரரியில் இருந்து கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து வருசம் போயிருந்தது.

பாட்டின் கட்டுமானமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ப்ளூஸில் ஒரு வரியைச் சொல்லி, அதையே திருப்பிச் சொல்லி, மூன்றாவது வரியில் பதில் கொடுப்பார்கள். எங்கள் மலைப்பாட்டில் ஒரு பொம்பளை எடுத்துக்கொடுக்க, பக்கத்து நிரையில் நிற்பவர்கள் அதையே திருப்ப, பதில் இன்னொருத்தியிடமிருந்து வரும். இரண்டிலும் கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது. எங்களிடம் கிட்டார் இல்லை, தப்பு இருந்தது. ஆனால் விடியக்காலையில் பிரட்டுக்கு எழுப்பியதும் அதே தப்புதான் என்பதால் பழைய ஆட்களுக்கு அந்தச் சத்தத்தில் இரண்டு மனசு. மாசி மாதம் காமன் கூத்துக்கு அடித்தால் ஆடுவார்கள், காலையில் அடித்தால் திட்டுவார்கள்.

ஒரு விசயத்தில் எங்களுக்குச் சண்டை போடத் தோன்றும். மலையகப் பாட்டு என்றாலே எல்லாரும் கண்ணீரைத்தான் எடுப்பார்கள். மேடையில் சோகக் குரலில் பாடுவார்கள், பின்னால் லயத்துப் படம் போடுவார்கள். ப்ளூஸைப் பற்றியும் வெளியாட்களுக்கு இதே நினைப்புத்தான். கேட்டுப் பாருங்கள், பாதிப் பாட்டு நக்கல். முதலாளியை, காதலியை, தன்னையே போட்டு வாங்குவார்கள். அம்மாயிக்குத் தெரிந்த பாட்டுகளிலும் பாதி துரையையும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கிழிக்கிற பாட்டுத்தான். அவர்கள் காதில் விழுகிற தூரத்தில், விழுந்தும் ஒன்றும் செய்யமுடியாத மாதிரி பாடுகிற வித்தை அது.

இந்தப் பாட்டுகளை யாரும் கவனிக்கவே இல்லை என்று சொல்லமாட்டோம். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாகத் தந்தார். அதுக்கும் முன்னால், நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை தொழிற்சங்கக் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார். அவை 1940இல் அச்சில் வந்தன. பேச்சு விளங்காத கூட்டத்துக்கும் பாட்டு விளங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் புத்தகத்தில் சொல் இருக்கிறது, குரல் இல்லை. எங்கே இழுக்கவேண்டும், எங்கே மூச்சு விட்டுச் சிரிக்கவேண்டும் என்று காகிதம் சொல்லாது. வேர்ல்ட்ஸ்பேஸில் அத்தனை அலைவரிசைகளைத் திருப்பியும் இந்த மலையின் குரல் ஒன்றுகூட எங்கள் காதில் விழவில்லை. இந்தியாவில் அந்தச் சேவை 2009 டிசம்பர் 31ஆம் திகதியோடு நின்றது. எங்கள் செட் இப்போது அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அத்தை அதன்மேல் ஊதுபத்தி ஸ்டாண்ட் வைத்திருக்கிறார், சீலைக்கான பழி.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவு அந்தப் பாட்டுக்கு வேர் என்று சொன்னது தன் பாட்டியை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். எங்கள் பக்கத்தில் ஓட்டோவில், போனில், கல்யாண வீட்டில் அந்தப் பாட்டுத்தான். அம்மாயிக்குப் போட்டுக் காட்டினோம். இரண்டாம் தரம் கேட்டுவிட்டு, "இது அந்தப் பக்கம் போன ஆளுங்க பாட்டு" என்று சொல்லுச்சு. போனவர்கள் என்றால் யார் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டோம்.

1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர் கணக்கில். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. மலைநாட்டு ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்கு, அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அந்த ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி.

அம்மாயியின் தங்கச்சி, எங்களுக்குச் சின்ன அம்மாயி, கல்யாணம் கட்டி ஹப்புத்தளைப் பக்கம் இருந்தது. 1972இல் அவர்களுக்கு இந்தியா என்று வந்தது. பதுளையிலிருந்து வருகிற கோச்சி சுரங்கத்தைத் தாண்டிப் பட்டிப்பொலவில் நின்றுதான் இறங்கும். ஒற்றைத் தண்டவாளம், எதிர்க்கோச்சி வரவேண்டியிருந்தால் வரும்வரைக்கும் நிற்கும். தாத்தா பாதையில் வேலை செய்ததால் அன்றைக்கு எதிர்க்கோச்சி பிந்தும் என்று அம்மாயிக்கு முதலே தெரியும். அதனால் என்ன செய்தது தெரியுமா? அதிரசம் சுட்டுது. தீபாவளிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கும்போது. கெட்டுப்போகாத பலகாரம் அதுதான், கப்பலைத் தாண்டியும் கிடக்கும் என்று. ஜன்னல் வழியாகப் பொட்டலத்தைக் கொடுத்துது. பெட்டி முழுக்க ஒப்பாரி. இவங்க ரெண்டு பேரும் அழவில்லையாம். "பாகு கொஞ்சம் முத்திப்போச்சுடி, கடிச்சு சாப்புடு" என்றுதான் கடைசியாகச் சொன்னதாம்.

சின்ன அம்மாயி குடும்பம் கடைசியில் போய்ச் சேர்ந்தது நீலகிரி, கூடலூர். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தோட்டம். மறுபடியும் மலை, மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். அங்கே இலங்கை வானொலி நன்றாக எடுத்ததாம். ஆசியாஸ்டாரின் கதிர் கூடலூரிலும் விழுந்தது, பட்டிப்பொலவிலும் விழுந்தது. அதுக்கு எந்த ஒப்பந்தமும் தேவைப்படவில்லை.

இனி அடுப்படிக்கு வருவோம், ஏனென்றால் பாட்டு மிச்சமிருப்பது அங்கேதான்.

தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். அத்தை வேலை செய்கிற தோட்டத்திலும் உண்டு. பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். ஆகவே எங்கள் வீட்டு முறுக்கு, ஒரு விதத்தில் பங்குனி வரைக்கும் தின்று முடியாத முறுக்கு. அப்படியும் பலகாரம் சுடாத வீடு இல்லை. முறுக்கு, அதிரசம், ரவா லட்டு. பக்கத்துச் சிங்கள வீட்டிலிருந்து சித்திரைக்குக் கொக்கிஸ் வரும், எங்கள் வீட்டிலிருந்து தீபாவளிக்கு அதிரசம் போகும்.

இந்த உயரத்தில் அதிரசம் ஒரு பிடிவாதம். இங்கே தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால் சோறே நிதானமாகத்தான் வேகும். ஐப்பசி மழையில் விறகு நனைந்திருக்கும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டும் பதத்தில் இடிக்கவேண்டும். பட்டிப்பொலவில் நிழலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, ஆனால் உலராது. அடுப்புக்கு மேலே பரண் மாதிரி கட்டி அதில் காயவைப்போம். கித்துல் கருப்பட்டியில் பாகு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வரவேண்டும்; வராவிட்டால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், கூடிப்போனால் கல். ஏலக்காய், சுக்கு. பிசைந்த மாவை மூன்று நாள் வைக்கவேண்டும். குளிரில் அது இறுகிவிடும் என்பதால் அம்மாயி சட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி. இந்த உயரத்தில் வாழை சரியாக வராது, ஆகவே தட்டுவது வாழையிலையில் இல்லை, எண்ணெய் தடவிய லன்ச் சீட்டில். சுட்டதை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழியவேண்டும். அந்தப் பிழிகிற வேலைக்கு ஒரு தாளம் உண்டு.

அங்கேதான் பாட்டு வரும். சும்மா உட்காரவைத்து, "அம்மாயி, பாடுங்க" என்று போனை நீட்டினால் வராது. "நல்ல நாளும் அதுவுமா என்னைய ஒப்பாரி வைக்கச் சொல்றியா?" என்று விரட்டும். கையில் கரண்டி ஏறி, நாலைந்து அதிரசம் போன பிறகு, யாரும் கேட்காமலே தொண்டையைச் செருமும்.

1941 ஓகஸ்டில் அலன் லோமாக்ஸும் ஜோன் வொர்க்கும் பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மிசிசிப்பியில் ஸ்டோவல் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே டிரக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வோட்டர்ஸ் பாடினார். தன் குரலை முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டார். 1943இல் சிக்காகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். எங்களிடம் இயந்திரம் கிடையாது, ஸ்கிரீன் வெடித்த போன் ஒன்றை மாப்பானைக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். அம்மாயிக்குத் தெரிந்துதான் வைத்தோம். "எடுக்கிறதுன்னா எடு, மூஞ்சியை எடுக்காதே" என்பது அதன் நிபந்தனை.

போன தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது தராசுப் பாட்டு. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோ வெட்டுகிற கணக்கப்பிள்ளையைப் பற்றியது. அவன் வீட்டுத் தாலி நிறுத்த தராசும் இதுதானா என்று கேட்கிற பாட்டு. மூன்று அடி பாடிவிட்டு அம்மாயி நின்றுவிட்டது. நாலாவது மறந்துபோச்சு. அத்தை, "இப்பவும்தான் வெட்டுறாங்க, புதுசா ஒண்ணு கட்டுவோம்" என்றார். அம்மாயிக்கு அது பிடிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி கூடலூருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கோல். சின்ன அம்மாயிக்குக் காது கொஞ்சம் மந்தம். பேத்தி போனைக் காதோடு ஒட்டிப் பிடிப்பதால் எங்களுக்கு எப்போதும் காதுதான் தெரியும். முதல் கால் மணித்தியாலம் கருப்பட்டியா வெல்லமா என்ற சண்டை. வெல்லத்தில் சுட்டால் அந்தக் கறுப்பு வராது என்று சின்ன அம்மாயிக்கு ஐம்பது வருசக் குறை. பிறகு அம்மாயி தராசுப் பாட்டை எடுத்துது. மூன்றாவது அடி முடியும்போது காது நகர்ந்து வாய் வந்தது. நாலாவது அடி கூடலூரில் இருந்திருக்கிறது. ஐந்தாவதும் இருந்தது. கணக்கப்பிள்ளை வரவேண்டிய இடத்தில் மட்டும் 'சூப்பர்வைசர்' என்று இருந்தது. அம்மாயி உடனே, "அது எவன்டி சூப்பர்வைசர்?" என்று கேட்க, "எல்லாம் அவன்தான்டி" என்று பதில். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ரெக்கோர்டிங் கிழிந்துவிட்டது. எண்ணெய் சத்தம், கிளாஸ் விழுகிற சத்தம், அத்தை யாரையோ ஏசுகிற சத்தம் எல்லாம் இருக்கிறது. வெட்டிச் சுத்தம் பண்ணலாம் என்று ஒரு கூட்டாளி சொன்னான். நாங்கள் வெட்டவில்லை.

இதுவரைக்கும் பதினொரு பாட்டு சேர்ந்திருக்கிறது. ஏழு முழுசாக, நாலு அரைப்பேர். பாட்டு எங்கே, யாரிடம், எந்த வேலைக்கு நடுவே வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறோம். கூடலூர்ப் பேத்தியும் அனுப்புகிறாள். ஒரே பாட்டு இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டையும் வைக்கிறோம், எது சரி என்று பார்ப்பதில்லை.

கோச்சிப் பாட்டு ஒன்றும் உண்டு. அழுகைக் கோச்சியில் போனவர்கள் ஜன்னலிலிருந்தும், நின்றவர்கள் பிளாட்போமிலிருந்தும் மாறி மாறிப் பாடினது என்று அம்மாயியே ஒருமுறை சொல்லியிருக்கிறது. அதை அதிரசத்துக்கும் பாடாது, முறுக்குக்கும் பாடாது. சின்ன அம்மாயியிடம் பேத்தி கேட்டதற்கு, "அக்கா பாடினா பாடுறேன்" என்றதாம். அம்மாயியிடம் அதைச் சொன்னோம். பாகுச் சட்டியைக் கிண்டிக்கொண்டே, "அவ வரட்டும், பாப்போம்" என்று சொல்லுச்சு. பேத்தி பாஸ்போட்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள்.